தூக்குச் சட்டியில் பன்னிரண்டு சீட்டு

மல்லாட்டைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆட்கள் வரிசை பிடித்துக் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று எங்களுக்கு ஒரு செல்போன் குழு இருக்கிறது. காலை வணக்கமும் மூட்டுவலி வைத்தியமும் தவிர அதில் பெரிதாக எதுவும் வராது. அன்று, “நமது தமிழ்த்துறைப் பேராசிரியர் முனைவர் அருள்மேரி அவர்கள் விழுப்புரத்தில் காலமானார்” என்று வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஒருவர், “சாந்தமே உருவானவர். யார் மனத்தையும் புண்படுத்தாதவர்” என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர், “அந்த நாடக விவகாரம் மட்டும் இல்லாதிருந்தால் கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றிருப்பார், பாவம்” என்று எழுதினார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

சாந்தமே உருவானவராம்! பக்கத்து வகுப்பறையில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த அம்மாவின் சத்தத்தில் என் கரும்பலகையே அதிரும். மூன்று முதல்வர்களிடம் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவர். புண்படுத்த வேண்டியவர்களைத் தேடிப் போய்ப் புண்படுத்தியவர். ‘பாவம்’ என்ற சொல்லை அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு வகுப்பு நடந்திருக்கும்.

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ‘நாடக விவகாரம்’ பற்றிக் கல்லூரிக் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. பேராசிரியர் அருள்மேரி தம் விருப்பப்படி வேஷங்களை மாற்றினார், குலுக்கல் நேர்மையாக நடக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய். பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த நிமிடத்தில் அவர்களில் ஒருவர் இல்லை. மிச்சம் நான்.

எங்கள் கல்லூரி திண்டிவனத்தில். நான் கணக்குத் துறை. அவர் வந்து சேர்ந்த முதல் பருவத்திலேயே தமிழ்த்துறையில் கலவரம். தமிழ்ப் பாடத்தில் ஐந்து அலகுகள் உண்டு, நாடகம் ஐந்தாவது. ஐந்தாவது அலகுக்கு வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். கடைசி வாரத்தில் நான்கு பக்கக் குறிப்பைச் சொல்லி எழுதவைத்து அனுப்பிவிடுவார்கள். இது எல்லாக் கல்லூரியிலும் உள்ள பழக்கம்தான். இந்த அம்மா முதல் நாளே ஐந்தாம் அலகில் ஆரம்பித்துவிட்டார். துறைத்தலைவர் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினார். பதில் ஒரே வரி: “கடைசியில் வைத்தால் நடக்காது என்பது துறைக்கே தெரியும் என்பதால் முதலில் வைத்தேன்.”

அந்த வாரமே நானும் அவரிடம் மோதினேன். நான் வகைநுண்கணிதம் நடத்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்து அறையில் யாரோ அலறுகிறார்கள், பத்துப் பேர் ஒப்பாரி வைக்கிறார்கள். என் மாணவர்கள் அத்தனை பேரின் காதும் சுவரில். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

“மேடம், பக்கத்துல கணக்கு நடக்குது.”

“இங்க கொல நடக்குது சார். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், பொறுத்துக்கோங்க.”

கதவைச் சாத்திவிட்டார். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

அவர் பிறந்தது திண்டிவனத்தை ஒட்டிய ஒரு கிராமத்தின் காலனியில். அம்மா நடவுக்குப் போனவர். கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டிலிருந்து வந்து, நாடகங்களின் மேடைக் குறிப்புகளைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கினார். அடைப்புக்குறிக்குள் கிடக்கும் “எழுகிறான்”, “தயங்குகிறாள்” என்ற வரிகளைப் பற்றி முந்நூறு பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். “வசனம் ஆளு சொல்றது சார். அடைப்புக்குறில இருக்கிறதுதான் ஆளு செய்யிறது. நான் எப்பவும் ரெண்டாவதத்தான் மொதல்ல படிப்பேன்” என்றார். அப்போது சிரித்தேன். பிறகு எனக்கே அது வந்து சேர்ந்தது.

இனி தூக்குச் சட்டி. அவரிடம் படித்தவர்கள், அவரோடு ஆடியவர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். எவர்சில்வர் தூக்கு, மூடியில் ஒரு நசுங்கல். மதியம் அதில் கேப்பைக் கூழ் கொண்டுவருவார். ஆசிரியர் அறையில் நாங்கள் சாம்பார் சாதம் தின்றுகொண்டிருக்க, அவர் நடுவில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பார், யாராவது ஓரக்கண்ணால் பார்த்தால், “வேணுமா?” என்று சத்தமாகக் கேட்பார்.

அவர் வருவதற்கு முன்பும் கல்லூரியில் ஆண்டு விழா நாடகம் உண்டு. சிவப்பாக இருக்கிறவன் ராஜா. அப்பா பெரிய ஆளாக இருந்தால் மந்திரி. கறுத்த பையன்கள் காவலாளிகள். பெண்கள் என்றால் தோழிகள், அதுவும் நிறம் பார்த்துத்தான். மேடம் நாடக மன்றப் பொறுப்பை ஏற்ற அன்று ஒரு மூன்றாமாண்டுப் பையன் அவரிடம் சொன்னான்: “மூணு வருசமா ஈட்டி புடிச்சிக்கினு நிக்கிறேன் மேடம். இந்த வருசமாச்சும் ஒரு வசனம் குடுங்க.”

அவர் அந்த மதியம் கூழைக் குடித்து முடித்தார், தூக்கைக் கழுவித் துடைத்தார், மன்றத்தில் பெயர் கொடுத்த அத்தனை பேரின் பெயரையும் சீட்டில் எழுதி உள்ளே போட்டார். வேஷங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவருக்கு அது. ஆண் பெண் என்றெல்லாம் பார்ப்பது கிடையாது. யாரோ ஒருவன், இது ராஜா வேஷத்துக்குப் பொருந்தாத முகம் என்று முனகினான். “வேஷத்துக்கு எவன் பேர்லயும் பட்டா கிடையாது” என்றார் மேடம். அந்த வாக்கியத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்ட மாணவர்கள் உண்டு.

குலுக்கலுக்கு ஒரு பொதுவான ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார். கணக்கு வாத்தியார், நிகழ்தகவு நடத்துகிறவர், எல்லோரும் நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். நான் தூக்கைக் குலுக்கி, ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படிப்பேன். கடைசிச் சீட்டை மட்டும் அவரே எடுப்பார். ஒவ்வொரு வருடமும் குலுக்குவதற்கு முன், “உங்க பேரையும் போடுங்களேன் சார்” என்பார். “எனக்கு வசனம் வராது மேடம்” என்று நழுவிவிடுவேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். நாடகம் தொடங்குமுன் நடிகர்கள் வேஷம் போடாமல், சொந்த உடையிலேயே வரிசையாக வந்து, பெயர், ஊர், இன்றைக்கு என்ன வேஷம் என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். “வேஷம் கட்டுறதுக்கு முன்னாடி ஆளைக் காட்டு” என்பார். குரல் தணிந்தால் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து அவர் கத்துவார்: “பின்னாடி கேக்கல!” ஒத்திகையில் ஆயிரம் தடவை அதைக் கேட்டிருப்பீர்கள்.

சீட்டு செய்த வேடிக்கைகளைச் சொல்ல ஒரு நாள் போதாது. ஒன்று சொல்கிறேன். ஒரு வருடம் இன்ஸ்பெக்டர் வேஷம் மாலதி என்ற மாணவிக்கு விழுந்தது. ஆள் ஒல்லி, ஐந்தடிகூட இல்லை. மயிலம் பக்கம் ஒரு கிராமத்தில் வீதி நாடகம். கூட்டேரிப்பட்டில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். நேரமாகிவிட்டதென்று மாலதி காக்கிச் சட்டையும் தொப்பியும் லத்தியுமாகவே சாலையோரம் நின்றாள். பேருந்து வருகிறதா என்று பார்க்கக் கையைக் கொஞ்சம் நீட்டினாள், அவ்வளவுதான். ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டுநர் இறங்கி வந்து வண்டிக் காகிதங்களை நீட்டினார். மாலதி பயத்தில் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் ஐந்தாறு வண்டிகள் வரிசை கட்டிவிட்டன.

நிஜ போலீஸ் வந்தது. எங்கள் எல்லோரையும் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் வியர்த்து விறுவிறுத்துப் போய், “மேடம், பேஜாரா பூடுச்சே” என்றேன். மேடம் அசையவில்லை.

அங்கிருந்த அதிகாரி, “போலீஸ் டிரெஸ்ஸ போட்டுக்கினு ரோட்ல வண்டிய மடக்குறது குத்தம், தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

“நாடகம் சார்.”

“நாடகம்னு எப்டி நம்புறது?”

“உக்காருங்க. போட்டுக் காட்றோம்.”

நிலையத்து முற்றத்தில் முழு நாடகத்தையும் போட்டார்கள். மாலதி அந்த அதிகாரிக்கு எதிரில் நின்று லத்தியைத் தட்டி மிரட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கிளம்பும்போது மாலதியிடம், “தொப்பி கோணலாக் கீது பாரு, நேரா வையி” என்று சொல்லி அனுப்பினார். கிராமத்துக்குப் போய் இரண்டாவது முறையும் போட்டார்கள்.

சிரித்தாயிற்று. இப்போது நான் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

மேடம் எழுதிய நாடகங்களில் பெரியது ‘மதகு’. கதை எளிது. பண்ணையார் ஒருவர் ஏரி மதகைப் பூட்டி வைத்து, கடைமடைக்குத் தண்ணீர் விட மறுக்கிறார். மதகில் இறங்கிய கூலி ஆள் ஒருவன் செத்துப்போகிறான். கடைசிக் காட்சியில் ஊரே திரண்டு நிற்க, பண்ணையார் அந்த ஆளின் மனைவி காத்தாயியின் காலில் விழுகிறார். அவள் மன்னிப்பதில்லை. “எழுந்திருங்க. மொதல்ல மதகைத் தொறங்க” என்கிறாள். அதோடு நாடகம் முடிகிறது.

பன்னிரண்டு வேஷம், பன்னிரண்டு சீட்டு. முதல் சீட்டு, பண்ணையார். எடுத்துப் படித்தேன்: ஜெகதீசன். என் சொந்த அக்கா மகன். எங்கள் ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். பையன் சந்தோஷமாகக் கை தட்டிக்கொண்டான். இரண்டாவது சீட்டு, காத்தாயி. பிரித்தேன். பச்சையம்மாள் என்று இருந்தது.

பச்சையம்மாளும் எங்கள் ஊர்தான். காலனிப் பெண். அவளுடைய அம்மா என் அக்கா வீட்டு மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பவர். என் அக்கா மகன் அந்தப் பெண்ணின் காலில், எல்லோரும் பார்க்க, விழ வேண்டும்.

சீட்டு என் கையில் இருந்தது இரண்டு வினாடி. “மாலதி” என்று படித்தேன். பச்சையம்மாளின் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு வினாடியில் கணக்கும் போட்டுவிட்டேன். மாலதியின் சீட்டு இன்னும் தூக்கில் கிடக்கிறது. அது என் கைக்கு வரும்போது பச்சையம்மாள் என்று படித்துவிட்டால் சரியாகிவிடும். மீதி பத்துச் சீட்டில் ஒன்பதை நான்தான் எடுக்கப்போகிறேன். மேடம் எடுக்கும் கடைசிச் சீட்டாக அது அமைய பத்தில் ஒரு வாய்ப்பு. வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, சிறிய வாய்ப்பு என்றால் நடக்காது என்று பொருளில்லை என மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லுவேன். ஒவ்வொரு சீட்டாக எடுத்தேன். மாலதி வரவே இல்லை. பன்னிரண்டாவது வேஷம், தண்டோராக்காரன். மேடம் கையை விட்டு எடுத்தார். படித்தார். சத்தமாகச் சொல்லாமல் சீட்டை மறுபடி மடித்தார்.

“மேடம், எம்பேரு இன்னும் வரலியே?” என்றாள் பச்சையம்மாள்.

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒரு சந்தேகம் இருக்கு. நாளைக்குச் சொல்றேன். எல்லாரும் கெளம்புங்க” என்றார். அறை காலியானதும் என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினார்.

“பாக்கெட்ல இருக்கிறத எடுங்க சார்.”

எடுத்துக் கொடுத்தேன். நான் ஏதேதோ சொன்னேன். உங்களுக்குத்தான் பிரச்சினை வரும் மேடம், ஊர் சும்மா விடாது, உங்கள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன். அதில் பாதி உண்மைதான். மறுபாதி, என் அக்கா வீட்டு மானம்.

“எங்கப்பா திருவிழா நாடகத்துல ராஜாவுக்கு மோளம் அடிச்சவரு சார். ராஜா வேஷம் கட்டுனவனுக்கு எங்கப்பா தொண்டையில பாதிகூடக் கெடையாது. ஆனா எங்க தெரு ஆளு மோளத்தோட நிக்கணும், மேடையேறக் கூடாது. அத ஒடைக்கத்தான் இந்தத் தூக்கு. அதுலயே கைய விட்டுட்டீங்களே” என்றார். குரல் உயரவில்லை. அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு நீங்களே வந்து சொல்லுங்க.”

மறுநாள் போய், கண்ணாடி இல்லாமல் பெயரை மாற்றிப் படித்துவிட்டேன் என்று சொன்னேன். காத்தாயி வேஷம் பச்சையம்மாளுக்குப் போயிற்று, தண்டோரா மாலதிக்கு. என் கண்ணாடிச் சாக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: முதல் நாள் மாலதி, மறுநாள் பச்சையம்மாள்.

ஊரில் விஷயம் போனது. என் அக்கா திண்டிவனம் வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். “எங்கள ஊர்ல தல காட்ட வுடுவாங்களாடா? ஒம் மேடத்துகிட்ட சொல்லி வேஷத்த மாத்துடா” என்றாள். நான் ஜெகதீசனைப் பார்த்தேன். அவன், “சீட்டு வந்துச்சி மாமா, நான் ஆடுறேன். நானா போயி கேட்டேன்?” என்றான். பத்தொன்பது வயது அவனுக்கு. எனக்கு நாற்பதுக்கு மேல்.

கல்லூரி நிர்வாகம் அரங்கைத் தர மறுத்தது. மேடம், “நாடகத்துக்குப் பேரே மதகு. அப்புறம் அரங்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, எங்கள் ஊருக்கு வெளியே ஏரி மதகடியிலேயே போட்டார். கோடைக்காலம், ஏரியில் தண்ணீர் இல்லை. கரை மேல் ஒரு பக்கம் எங்கள் தெரு, மறுபக்கம் காலனி. நடுவில் ஜெகதீசன் விழுந்தான். பச்சையம்மாளின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. “எழுந்திருங்க. மொதல்ல மதகைத் தொறங்க.” யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை.

பிறகு விசாரணை. மேடம் வேண்டுமென்றே வேஷத்தை மாற்றி ஒரு பிரிவினரை அவமதித்தார் என்று புகார். மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “மறுநாள் பெயரை மாற்றச் சொன்னது யார்?”

“மேடம் சொன்னாங்க, நான் அறிவிச்சேன்” என்றேன்.

அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. கணக்கில் பாதியை எழுதிவிட்டு விடை என்று கோடு போடும் பையன்களுக்கு நான் பூஜ்யம்தான் கொடுப்பேன். எனக்கு அன்று யாரும் பூஜ்யம் போடவில்லை. மேடத்தை நாடக மன்றப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். பிற்பாடு முதல்வர் பதவிக்கு அவருடைய முறை வந்தபோது அந்தத் தாளைக் காட்டி, அவரைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

நான் அவரிடம் எட்டு மாதம் பேசவில்லை. பேச முகம் இல்லை. அவர் பாட்டுக்குச் சனிக்கிழமைதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு மதகடிக்குப் போய்விடுவார். கல்லூரிப் பெயரில் நாடகம் நடத்தக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். அதற்கு அடியில் அவர் கையால் எழுதினார்: “சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. ஏரிக்கு விடுமுறை இல்லை. வருக.” ஓய்வு பெற்று விழுப்புரத்தில் குடியேறிய பிறகும் சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் தூக்கோடு திண்டிவனத்தில் வந்து இறங்குவார். நாடகம் ஒரு நாளும் நிற்கவில்லை. நிறுத்திவிட்டோம் என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எட்டு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன். “என்ன நீங்க ஏன் மேடம் காட்டிக் குடுக்கல?”

“அது உங்க வசனம் சார். மறந்துட்டீங்கன்னா எடுத்துக் குடுப்பேன். உங்க வசனத்த நான் பேச முடியாது.”

எடுத்துக் கொடுக்கவும் செய்தார். வருடத்துக்கு ஒருமுறையாவது, ஏதோ பேச்சுக்கு நடுவில், “வசனம் ஞாபகம் வந்துச்சா சார்?” என்று கேட்பார். முகத்தில் சிரிப்பு இருக்கும். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது விழுப்புரத்தில், ரயில் பாதையை ஒட்டிய அவர் வீட்டில். சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கேயும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வேஷம் கொடுத்து நாடகம் படிக்க வைத்ததாகவும், நர்ஸ் தனக்கு ராணி வேஷம் வரவில்லையென்று கோபித்துக்கொண்டதாகவும் சொன்னார். கிளம்பும்போது வழக்கமான கேள்வி.

“வசனம் ஞாபகம் வந்துச்சா சார்?”

“வந்துக்கினே கீது மேடம்.”

“வந்துக்கினே கீதா? இன்னா ரயிலு சார் அது, எந்த ஸ்டேஷன்லதான் நிக்கிது? ஜல்தியா வரச் சொல்லுங்க. நான் பிளாட்பாரத்துலயே உக்காந்துக்கினு இருக்க முடியாது.”

மூன்று வாரத்தில் போய்விட்டார். ரயில் வரவில்லை. அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

முப்பதாம் நாள் நினைவுக்கு ‘மதகு’ போடுவது என்று பழைய மாணவர்கள் முடிவு செய்தார்கள். விழுப்புரத்தில் அவர் வீட்டில் கூடினோம். பச்சையம்மாள் இப்போது அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. யாரோ ஒரு பழைய மாணவர், நாள் குறைவு, நன்றாக நடிக்கத் தெரிந்தவர்களுக்கு வேஷத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். நான்கைந்து தலைகள் ஆடின.

“இது யார் வீடு, தெரியுதா? தூக்க எடுங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பச்சையம்மாள் உள்ளே போய் அந்த நசுங்கிய மூடித் தூக்கைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு தாளைக் கிழித்துத் தணிகாசலம் என்று எழுதி மடித்துப் போட்டேன். முதல் தடவை.

பச்சையம்மாள் குலுக்கினார். எனக்கு வந்தது நான்காவது ஊர்க்காரன். வசனம் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மதகடியில் நல்ல கூட்டம். சென்னையிலிருந்து ஜெகதீசன் வந்திருந்தான். நடுவில் என் அக்காவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிந்து உட்காரவில்லை. மழைக்காலம், கரையில் சேறில்லாத இடம் கொஞ்சம்தான். எல்லோரும் வந்து பெயர் சொன்னார்கள். என் முறை வந்தது.

“எம்பேரு தணிகாசலம். பெருமுக்கல் பக்கம். கணக்கு வாத்தியார். இன்னைக்கு நாலாவது ஊர்க்காரன்.”

அங்கே நகர்ந்துவிட வேண்டும். நான் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் இத்தனை வருடம் கிடந்து பழுப்பேறிய சீட்டு.

“இந்த நாடகத்துல காத்தாயி வேஷம் மொத நாளே பச்சையம்மாளுக்குத்தான் வந்துச்சி. சீட்ட மறைச்சவன் நான். மேடம் எதையும் மாத்தல. விசாரணையில உண்மைய மறைச்சவனும் நான்தான்.”

சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்போது கரையின் கோடியில், கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றிருந்த பச்சையம்மாள் கத்தினார்.

“பின்னாடி கேக்கல சார்!”

உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்டுத்தான் கத்தினாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் மாட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் மறுபடி சொன்னேன். என் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெகதீசன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பச்சையம்மாள் முன்னால் வந்து என் கையிலிருந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். “இது மேடம் கையெழுத்து” என்று மட்டும் சொல்லி, கொண்டுபோய்த் தூக்கில் போட்டு மூடிவிட்டார். பிறகு நாடகம் தொடங்கியது. நான் நான்காவது ஊர்க்காரனாக இரண்டு மணி நேரம் நின்றேன்.

கோப்பில் உள்ள தாளைத் திருத்தும்படி கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. மாதம் ஒரு கடிதம் போடுவதாக உத்தேசம். எனக்கு வேறு வேலை இல்லை. செல்போன் குழுவில் ‘பாவம்’ என்று எழுதிய நண்பருக்கும் பதில் போட்டுவிட்டேன். அவர் இன்னும் கும்பிடும் கையைக்கூட அனுப்பவில்லை.

தூக்கு பச்சையம்மாளிடம் இருக்கிறது. அது அங்கே இருப்பதுதான் சரி. சீட்டும் என்னிடம் இல்லை. அருள்மேரி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ‘பின்னாடி கேக்கல’ என்ற அந்தக் கூச்சல் ஒன்றைத்தான். அது இருக்கிறவரை எதையும் முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆகவே இங்கேயும் ஒருமுறை சொல்கிறேன். சீட்டை மறைத்தவன் நான். அருள்மேரி மேடம் தம் குலுக்கலில் ஒரு நாளும் பிசகு செய்ததில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் சொல்லுங்கள், மறுபடியும் எழுதுகிறேன்.